சேலையூர்: ஓர் ஏரியூரின் வரலாறு – 6
காட்டுக்கு வந்த கல்லூரி

சேலையூரின் நிலம் ஒரே நாளில் நகரத்தின் கைக்குப் போகவில்லை. முதலில் காடு போனது. அடுத்து, விமானம் இறங்கத் தோதான சமநிலம் போனது. வயல்கள் கடைசியில் போயின. 1931 முதல் 1964 வரையிலான 33 ஆண்டுகளில் முதல் இரண்டும் நடந்து முடிந்தன; மூன்றாவதற்கான வாசல் திறந்தது.

முந்தைய பகுதிகள், மாடம்பாக்கத்தில் யானை முதுகு வடிவ விமானத்தோடு நிற்கும் சோழர் காலத் தேனுபுரீசுவரர் கோயிலில் தொடங்கி, ஆற்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீரின் வழியே, மிராசு உரிமை வழக்குகள் வரை வந்தன. அந்த நீண்ட காலம் முழுவதும் ஆட்சி மாறியது, வரி மாறியது. ஊரின் அமைப்பு மட்டும் பெரிதாக மாறவில்லை. அது மாறத் தொடங்கிய கட்டம் இது.

மூன்று நிலங்கள்

1930 வாக்கில் சேலையூர், செங்கல்பட்டு மாவட்டம் சைதாப்பேட்டை தாலுகாவில் ஒரு சிற்றூர். தாம்பரம் ரயிலடியிலிருந்து கிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டர். அந்த மாவட்டத்தின் மற்ற ஏரியூர்களைப் போலவே இதன் வாழ்வும் மூன்று வகை நிலங்களைப் பற்றி நின்றது: ஏரி, ஏரிக்குக் கீழே வயல், மேட்டில் காடு.

வடகிழக்குப் பருவமழைதான் ஏரியை நிரப்பும். நிரம்பிய ஏரியின் மதகைத் திறப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பார்த்து விடுவதும் நீர்க்கட்டியின் வேலை. அவருக்குக் கூலி காசாக அல்ல, அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. ஏரிக்கு மிஞ்சிய நீர் கலங்கல் வழியே வெளியேறும். கலங்கலின் மேல் வரிசையாக நட்ட தறிக்கற்கள் இருக்கும். பருவத்தின் கடைசி மழையில், அந்தக் கற்களுக்கு இடையே மண்ணையும் புல்கட்டியையும் அடைத்து, ஏரியில் இன்னும் ஒரு சாண் தண்ணீரைத் தேக்குவார்கள். அடைப்பு பலமாகிவிட்டால் கரை உடையும். இளகலாக இருந்தால் நவரைப் பயிர் காயும். எப்போது அடைப்பது, எப்போது பிடுங்கிவிடுவது என்பது ஊர் கூடி எடுக்கும் முடிவு.

வயலில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்கள். ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதைப் பொறுத்தே எத்தனை பட்டம் என்பது. நிலம் மிராசுதார்கள் பெயரில் இருந்தது. உழைப்பு வாரதாரர்களுடையதும் பண்ணையாட்களுடையதும். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று குடியிருப்பு பிரிந்திருந்தது, கிணறும் பிரிந்திருந்தது.

மேட்டில் இருந்த சேலையூர்க் காடு, பெரிய மரங்கள் அடர்ந்த காடு அல்ல. செம்மண்ணும் பாறையும் கலந்த மண்ணில் களா, காரை, சூரை, விராலி, ஈச்சம் புதர்கள், இடையிடையே பனை. வரி வசூலிப்பவர் கண்ணுக்கு அது பயனற்ற நிலம். ஊருக்கோ அது இல்லாமல் நடவே கிடையாது. நடவுக்கு முன் காட்டிலிருந்து தழை வெட்டிவந்து, சேற்றில் பரப்பி, காலால் மிதித்து அழுத்துவார்கள். வயலுக்கு அதுவே உரம். அடுப்புக்குச் சுள்ளி, ஆட்டுக்கு மேய்ச்சல், கோடையில் பிள்ளைகளுக்குக் களாப்பழம் எல்லாம் அங்கிருந்துதான். சொந்த நிலம் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் காடு இன்னும் பெரிய ஆதாரம். ஆனால் காட்டின் மீது அவர்களுக்கு இருந்தது வழக்கமே, பட்டா இல்லை. ஏட்டின்படி காடு அரசாங்கத்துக்குச் சொந்தம்.

அடுத்து நடந்த அத்தனையையும் தீர்மானித்தது இந்த ஒரு வேறுபாடுதான்.

1931: மின்சார ரயில்

ரயில் தாம்பரத்துக்குப் புதிதல்ல. நீராவி வண்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவ்வழியே தெற்கே ஓடின. ஆனால் அவை தொலைதூரம் போகும் வண்டிகள். காலையில் பட்டணத்துக்கு வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் வாழ்க்கையை அவற்றை நம்பி அமைத்துக்கொள்ள முடியாது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையை மின்மயமாக்கியது. 1931 ஏப்ரலில் சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி அதைத் தொடங்கிவைத்தார். மே மாதம் பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடத் தொடங்கின. பம்பாயில் 1925இலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. மீட்டர்கேஜில் நாட்டிலேயே முதலில் ஓடியது இதுதான்.

இந்தப் பாதையின் கடைசி நிலையம் தாம்பரம் என்பது தற்செயலான செய்தி போலத் தோன்றும். சேலையூருக்கு அதுவே தலைவிதியானது. ரயில் முடியும் இடத்தில் நிலம் மலிவு. வண்டியில் ஏறினால் உட்கார இடம் நிச்சயம். நகரத்தில் இடம் போதாமல் தவித்த நிறுவனங்களின் பார்வை இயல்பாகவே அந்தக் கடைசி நிலையத்தின் பக்கம் திரும்பியது.

தூய காற்றைத் தேடி மின்சார ரயிலுக்கு முன்பே ஒருவர் அந்தப் பக்கம் வந்திருந்தார். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்துக்குச் சற்று வடக்கே 12 படுக்கைகளோடு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். காசத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தூய காற்றும் ஓய்வும் நல்ல உணவுமே சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் ‘சானடோரியம்’ என்ற ரயில் நிலையப் பெயரில் அந்த நினைவு நிற்கிறது.

நகரத்துக்குள் செய்ய முடியாததை நகரத்துக்கு வெளியே செய்யலாம் என்பதற்கு அந்த மருத்துவமனை ஒரு முன்மாதிரி. இரண்டாவதாக வந்தது ஒரு கல்லூரி.

காட்டைத் தேடி வந்தவர்கள்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வேர், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளி. வில்லியம் மில்லர் அதைக் கல்லூரியாக வளர்த்தார். 1877இல் இன்றைய பெயர் வந்தது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் அதன் கட்டடங்கள் நின்றன. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது அங்கேதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இடம் கல்லூரிக்குப் பொருந்தாமல் போயிற்று. சுற்றிலும் கடைத்தெருவும் டிராம் சத்தமும். விளையாடத் திடல் இல்லை, விடுதி கட்ட மனை இல்லை. மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழ்ந்து கற்கும் உறைவிடக் கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் அதன் நிர்வாகத்தில் உறுதிப்பட்டது. அதற்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் தேவை. நகரத்தில் அவ்வளவு நிலம் கிடையாது; கிடைத்தாலும் விலை கட்டாது.

தேவையானவை இரண்டே. ஒன்று, மொத்தமாகக் கிடைக்கும் பெருநிலம். மற்றொன்று, பட்டணத்திலிருந்து தினமும் வந்துபோகும் வசதி. சேலையூர்க் காட்டில் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. பல பேரிடம் துண்டு துண்டாக வயல் வாங்க வேண்டிய தொல்லை இல்லை. காடு அரசின் பெயரில் இருந்ததால் ஓர் உத்தரவே போதும். சுமார் 365 ஏக்கர் வளாகம் இப்படித்தான் அமைந்தது.

ஒரு காட்டின் நூற்றாண்டு வழக்கங்கள் ஒரு கோப்பில் முடிந்துபோனதை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தக் கைமாற்றத்தில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. கல்லூரியின் நோக்கம் உயர்ந்தது. அதன் பலனை அடுத்த தலைமுறைகள் அனுபவித்தன. ஆனால் பட்டாவில் ஏறாத உரிமைக்கு இழப்பீடு என்ற ஒன்று கிடையாது. தழை வெட்டிய உழவரும் சுள்ளி பொறுக்கிய பெண்ணும் எந்த ஏட்டிலும் உரிமையாளராகப் பதிவாகவில்லை. நகரம் ஓர் ஊருக்குள் நுழையும்போது முதலில் கைவைப்பது, ஊருக்கே பொதுவானதும் ஏட்டில் யார் பெயரிலும் இல்லாததுமான நிலத்தில்தான். சேலையூரின் வரலாறு சென்னையைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் சொல்லும் பாடம் இது.

1937 ஜனவரி 30

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹென்றி ஷாட்டியின் திட்டப்படி கட்டடங்கள் எழுந்தன. கல்லூரியின் நூறாவது ஆண்டான 1937இல், ஜனவரி 30ஆம் தேதி, ஆளுநர் எர்ஸ்கின் பிரபு புதிய வளாகத்தைத் திறந்துவைத்தார். முதல்வர் பொறுப்பில் இருந்தவர் தத்துவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக்; ராதாகிருஷ்ணனுக்குப் பாடம் சொன்னவர்.

மாணவர் தங்க மூன்று விடுதிகள்: புனித தாமஸ் விடுதி, பிஷப் ஹீபர் விடுதி, சேலையூர் விடுதி. ஒவ்வொன்றுக்கும் தனி உணவுக்கூடம், தனிக் காப்பாளர், தனி மரபு. இரண்டு விடுதிகள் சமயப் பெரியோர் பெயரைத் தாங்கின. மூன்றாவது, நிலம் தந்த ஊரின் பெயரைத் தாங்கியது. சேலையூரைக் கண்ணால் பார்த்திராத பல குடும்பங்களுக்கும், அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளின் வழியே அந்தப் பெயர் பழக்கமாயிற்று.

கட்டடம் முடிந்ததும் காட்டின் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர். தாவரவியலில் தீராத ஈடுபாடு கொண்டவர். தென்னிந்திய மலைத் தாவரங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியவர். வளாகத்தின் மரங்களையும் பாதைகளையும் அமைக்கும் பணியைத் தம் சொந்தப் பணியாக எடுத்துக்கொண்டார். 1941இல் அவர் இறந்தபோது, நட்ட கன்றுகள் பல இன்னும் ஆள் உயரம் தாண்டியிருக்காது. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பொறுப்பைக் கைவிடவில்லை. இன்று அந்த மதிலுக்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன. பழைய புதர்க்காட்டின் செடிவகைகளும் பிழைத்திருக்கின்றன.

இதில் இரண்டு உண்மைகள் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊரார் கையிலிருந்து காட்டை எடுத்தது கல்லூரி. பிற்காலத்தில் அதே காடு மனைப்பிரிவாகிவிடாமல் காத்ததும் கல்லூரிதான்.

ஊரின் உள்ளேயும் ஒரு மாற்றம் தொடங்கியது. விடுதிச் சமையல், தோட்டம், காவல், துணி வெளுப்பு, பால், காய்கறி என்று கல்லூரிக்கு ஆட்களும் பொருட்களும் தேவைப்பட்டன. களத்து நெல்லை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று முதன்முதலாக நடந்துபோகும் தூரத்தில் வந்தது. நெல்லுக்கு மிராசுதாரரின் தயவு வேண்டும், சம்பளத்துக்கு வேண்டாம். பண்ணையாளுக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது.

1938 டிசம்பர்: உலகம் வந்த பதினெட்டு நாள்

திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத வளாகத்துக்கு உலகமே வந்தது. சர்வதேச மிஷனரி மன்றம் தன் பெரிய மாநாட்டை முதலில் சீனாவில் நடத்தத் திட்டமிட்டிருந்தது. 1937இல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்ததால் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் தங்கவும் உண்ணவும் கூடவும் வசதியுள்ள இடம் ஆசியாவில் எங்கே உண்டு என்று பார்த்தபோது, புதிய உறைவிடக் கல்லூரி அவர்கள் கண்ணில் பட்டது.

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, ஜான் மாட் தலைமையில் 470க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடினர். ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் பேராளர்கள் மேலைநாட்டினருக்குச் சமமாக அமர்ந்து பேசிய முதல் பெரிய மாநாடுகளில் அது ஒன்று. கிறித்தவம் பிற சமயங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரும் ஹாக்கும் எதிரெதிர் நிலை எடுத்தனர். இந்திய மெய்யியலோடு பல்லாண்டுகள் பழகிய ஹாக், பிற சமயத்தாரின் இறையனுபவத்தை மதித்தே பேச வேண்டும் என்றார். அந்த விவாதம் இறையியல் நூல்களில் இன்றும் தொடர்கிறது.

உலக நூல்களில் அந்த மாநாட்டின் பெயர் ‘தாம்பரம்’. நிலம் சேலையூருடையது, பெயர் ரயில் நிலையத்தினுடையது. இந்த வழக்கம் அடுத்தடுத்தும் தொடர்ந்தது.

போரும் ஓடுதளமும்

1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும், அடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னை நடுங்கியது. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் உள்நாட்டுக்கு ஓடினர். அலுவலகங்கள் இடம் மாறின.

கடற்கரை நகரத்தைக் காக்கக் கடற்கரையிலிருந்து சற்று விலகிய விமானத் தளம் வேண்டும். அதற்குப் பெருஞ்சமவெளியும் பக்கத்தில் ரயிலும் வேண்டும். கல்லூரிக்காகத் தேடியபோது பட்டியலில் இருந்த அதே இரண்டு தேவைகள். விடையும் அதே இடம். கல்லூரிக்குத் தெற்கே, சேலையூரை ஒட்டிய நிலத்தில் ஓடுதளம் அமைந்தது. போரின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவும் ‘எச்.எம்.எஸ். வள்ளூரு’ என்ற கப்பல் பெயரோடு அங்கே பழுதுபார்ப்புத் தளம் நடத்தியது.

போர் முடிந்தும் நிலம் திரும்பவில்லை. சுதந்திரத்துக்குப் பின் அது இந்திய விமானப்படையின் தளமானது. பயிற்சியளிக்கும் விமானிகளை உருவாக்கும் பள்ளி 1954இல் அம்பாலாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. நாடு முழுவதும் விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசான்கள் இந்த ஊரின் வானத்தில்தான் தங்கள் பாடத்தைப் படித்தனர்.

கல்லூரியும் விமானத் தளமும் சேர்ந்து ஊரின் வரைபடத்தை மாற்றின. இரண்டு பெரிய மதில்களுக்கு நடுவே எஞ்சிய நிலத்தில்தான் இனி ஊர் வளர முடியும். பாதைகள் மதிலைச் சுற்றி வளைந்தன. தாம்பரம் – வேளச்சேரி சாலையும் அகரம்தென் சாலையும் சேரும் இடம் ‘கேம்ப் ரோடு’ ஆனது. பழைய ஊரின் நடுவிலிருந்து நடமாட்டம் அந்தச் சந்திப்புக்கு நகர்ந்தது. வளாகத்துக்கு வெளியே குடியிருப்பு தேடிய ஆசிரியர்களும் விமானப்படைக் குடும்பங்களும் ஓய்வுபெற்றோரும் சுற்றிலும் மனை தேடத் தொடங்கினர்.

1964: ஊராட்சி கலைந்த நாள்

சுதந்திரத்துக்குப் பின் சேலையூருக்கு ஊராட்சி இருந்தது. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் தெளிவான கடமைகள் வகுத்தது. சிறு ஏரி, குளம், தெரு, விளக்கு என்று கண்ணெதிரே உள்ளவற்றை ஊராரே கவனிக்கும் ஏற்பாடு அது.

1964இல் தாம்பரம், கடப்பேரி, புலிக்கொரடு, இரும்புலியூர், சேலையூர் ஆகிய ஊர்களை இணைத்துத் தாம்பரம் நகராட்சி உருவானது. இம்முறையும் ரயில் நிலையத்தின் பெயரே நிலைத்தது. சேலையூர் நகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது.

நன்மைகள் உண்மையானவை. நகராட்சியானதால் சாலையும் குடிநீரும் தெருவிளக்கும் கேட்டுப் பெறும் உரிமை வந்தது. சாதி பார்த்துக் கிணறு பிரித்த ஊரில், யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற தெருக்குழாய் எளிய மாற்றம் அல்ல. ஆனால் நகராட்சியின் கடமைப் பட்டியலில் மதகு இல்லை, நீர்க்கட்டி இல்லை, கலங்கலில் மண் அடைக்கும் ஊர்க்கூட்டம் இல்லை.

அதே நேரத்தில் நிலத்தின் கணக்கும் மாறிக்கொண்டிருந்தது. நெல் விளையும் ஏக்கரைவிட மனையாகும் ஏக்கருக்குப் பல மடங்கு விலை. ஒரு வயல் மனையானால் அதற்கு ஏரித் தண்ணீர் வேண்டாம். பத்து வயல் மனையானால் பாசன வாய்க்கால் வேண்டாம். வாய்க்கால் வேண்டாதபோது, மழைக்காலத்தில் தண்ணீர் போகும் வழி அதுதான் என்பதும் மறந்துபோகும்.

யாருடைய ஏரி?

தமிழ்நாட்டில் ஏரி யாருடைய பொறுப்பு என்பதற்கு ஒரு விதி உண்டு. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு (2021 முதல் நீர்வளத் துறைக்கு). அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஏரியைப் பராமரிப்பவர் யார் என்பதை அது பாய்ச்சும் வயலே தீர்மானிக்கிறது. பாசனத்துக்காகவே ஏரி இருந்த காலத்தில் அது சரியான விதி.

ஆனால் ஓர் ஏரியின் வேலை வயலோடு முடிவதில்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பகுதி ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேட்டு ஏரியின் கலங்கல் நீர் கீழ் ஏரிக்கு வரவு. அப்படியே கிழக்கே சரிந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வரை போவது இந்தப் பகுதியின் நீரோட்டம். சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் அடுத்த ஊர் வறளும், அல்லது மூழ்கும்.

1964இல் இதை யாரும் அவசரமாகக் கருதவில்லை. வயல்கள் இன்னும் இருந்தன; ஏரி இன்னும் நிரம்பியது. ஐம்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தண்ணீர் தன் பழைய வழிகளைத் தேடியது. பல இடங்களில் அந்த வழிகளின் மீது வீடுகள் இருந்தன.

காட்டுக்கு ஒரு கல்லூரி காவலாக வந்தது. சமவெளிக்கு விமானப்படை காவலாக வந்தது. இரண்டும் ஊரின் கையைவிட்டுப் போனாலும் நிலமாகவே நீடித்தன. ஏரிக்கு அப்படி யாரும் வரவில்லை. ஊராட்சி கலைந்த பின், ஆயக்கட்டு மனையாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், சேலையூர் ஏரியின் கரையை யார் காத்தார்கள், யார் கைவிட்டார்கள்?

(தொடரும்)